புண்ணாக்கு மூட்டையில் தொடங்குங்கள்: பினாங்கில் சிறு மாட்டுப் பட்டி நடத்துவோருக்கு

பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால் வரை, செபராங் பிறையில் நாலு மாடு, பத்து மாடு என்று வைத்துப் பால் கறந்து பிழைக்கும் நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முந்திய வாரம் பால்குடத்துக்காக அவர்களைத் தேடிப் போகும் ஊரார், மற்ற நாள்களில் அவர்களை நினைப்பதில்லை. அவர்களிடம் தீவனப் பாதுகாப்பு, இறைச்சி ஏற்றுமதி என்று பேச்செடுத்தால், "நாம பாலுக்குத்தானே வளர்க்கிறோம், கறி வியாபாரம் நமக்கு எதுக்கு?" என்ற பதிலே பெரும்பாலும் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கறவை வற்றிய பசுவும் காளைக் கன்றும் கடைசியில் எந்த லோரியில் ஏறுகின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அந்த லோரியில் ஏறும் மாட்டைப் பற்றி வெளிச்சந்தை கேட்கும் கேள்விகளில் பாதி நம் தீவனத் தொட்டியைப் பற்றியவை. மீதிப் பாதி, நம் பட்டிக்குள் எது நுழைந்தது, எப்போது நுழைந்தது என்பதைப் பற்றியவை. நானும் புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் ஒரு பட்டிக்குள் வளர்ந்தவன் என்பதால், இந்த இரண்டையும் தொழில் செய்பவரின் கையிலிருந்து பார்த்தே எழுதுகிறேன்.

மூட்டையைத் திறந்து பார்க்கும் முறை

நம் பக்கம் மாட்டுத் தீவனம் என்றால் முதலில் நிற்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, கடையில் பி.கே.சி. என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஏறத்தாழ 16 விழுக்காடு புரதம் உள்ள மலிவான தீவனம் அது. இறைச்சிக்காக அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் மொத்தத் தீவனத்தில் 80 விழுக்காடு வரைகூட அதைக் கொடுக்கிறார்கள். கறவை மாட்டுக்கு அந்த அளவு வேண்டாம். பச்சைப் புல் தாராளமாக இருக்க வேண்டும். புண்ணாக்கில் மணிச்சத்து மிகுந்தும் சுண்ணாம்புச் சத்து குறைந்தும் இருப்பதால், தீவனச் சுண்ணாம்புத் தூளைச் சிறிதளவு கலந்து கொடுப்பது நல்லது. பட்டியில் செம்மறியாடும் இருந்தால் இந்தப் புண்ணாக்கை அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள். இதிலுள்ள செம்புச் சத்தை மாடு தாங்கிக்கொள்ளும்; செம்மறியின் ஈரலில் அது மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று ஆட்டைச் சாய்த்துவிடும்.

மூட்டை வந்து இறங்கியதும் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விடுங்கள். நடுவில் சூடு தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கித் திறந்தால் நல்ல புண்ணாக்கு உதிர்ந்துவிடும். கெட்டது கொழுக்கட்டை போல் நிற்கும். நல்ல சரக்கில் வறுத்த கொட்டையின் வாசனை இருக்கும். சிக்கெண்ணெய் நாற்றமோ ஈர மண் வாசனையோ அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒரு நவம்பர் மாத மழையில், வழக்கமான விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே என்று நாங்கள் இருபது மூட்டை இறக்கினோம். மேல் வரிசை மூட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. அடி வரிசையைப் பிரித்தபோது, உள்ளே பச்சையும் வெள்ளையுமாக உள்ளங்கை அகலக் கட்டிகள். வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார், காயவைத்தோம், கொடுத்தோம். நான்கைந்து நாளில் பால் குறைந்தது, இரண்டு பசுக்கள் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. மாடு மறுத்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும். அது விட்டுச் சென்ற அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு சாகாது, கொதிக்கவைத்தாலும் பெரிதாகக் குறையாது. மாடு தின்ற ஒரு நாளுக்குள் அந்த நஞ்சின் மாற்று வடிவம் பாலில் இறங்கத் தொடங்குகிறது. கெட்ட தீவனத்தை நிறுத்தி மூன்று நான்கு நாள் ஆன பிறகே பால் தெளிகிறது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் எனப்படும் அனைத்துலக உணவுத் தர அமைப்பின் வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05. கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் இடம் கொடுப்பவை. எனவே இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, சுவரைவிட்டு ஓர் அடி தள்ளி வையுங்கள். தோஃபு ஆலையிலிருந்து வாங்கும் சோயாச் சக்கையை வந்த அன்றே தீர்த்துவிடுங்கள். நம் வெயிலில் மறுநாளே அது புளித்து நுரைக்கும்.

தொட்டிக்குள் போகக் கூடாதவை

பிரிட்டனில் 1986 நவம்பரில் மாடுகளிடம் ஒரு புது மூளை நோய் அடையாளம் காணப்பட்டது. மாடு நிலைதடுமாறும், மிரளும், பிறகு விழும். பைத்திய மாட்டு நோய் என்று நாளிதழ்கள் பெயரிட்டன. செத்த மாட்டின் எலும்பையும் கழிவு இறைச்சியையும் அரைத்துப் புரதத் தூளாக்கி, அதையே புல் தின்னும் மாட்டுக்குத் தீவனமாகக் கொடுத்ததுதான் அந்நோய் பரவிய வழி. 1988 ஜூலையில் அந்தத் தூளை மாட்டுத் தீவனத்தில் சேர்க்கத் தடை விதித்தார்கள். அப்படியும் தடைக்குப் பின் பிறந்த மாடுகள் பல்லாயிரம் நோயுற்றன. பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தூளைச் சேர்க்கத் தடை இல்லாததால் அதே ஆலையில், அதே இயந்திரத்தில் எல்லாத் தீவனமும் அரைபட்டன. ஒட்டிக்கொண்டு வந்த சிறிதளவே போதுமானதாக இருந்தது. நோயுற்ற மாட்டின் மூளைத் திசு ஒரு கிராமுக்கும் குறைவாக உள்ளே போனாலே கன்றுக்கு நோய் வரும் என்பதைப் பின்னர் சோதனையில் கண்டார்கள். நோய்க்குக் காரணமான பிரியான் கிருமியும் அல்ல, நச்சுயிரியும் அல்ல; உருக்குலைந்த ஒரு புரதம். அதனால் அடுப்பில் வெந்தும் அழிவதில்லை.

1996 மார்ச் 20-ஆம் தேதி, இந்த நோய்க்கும் மனிதருக்கு வரும் ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அடுத்த சில நாளில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதியை முற்றாகத் தடுத்தது. அந்நாட்டில் நோய் உறுதியான மாடுகள் 1,80,000-க்கும் மேல். முன்னெச்சரிக்கையாகக் கொல்லப்பட்டவை 40 இலட்சத்துக்கும் மேல். 2003 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே ஒரு பசுவிடம் நோய் தென்பட்டதும் ஜப்பானும் தென் கொரியாவும் அமெரிக்க மாட்டிறைச்சிக்குக் கதவை மூடின. 2021 செப்டம்பரில் பிரேசிலில் வயது முதிர்ந்த இரு மாடுகளிடம், தீவனத்தோடு தொடர்பில்லாமல் தானாகத் தோன்றும் வகை தென்பட்டது. அதற்கே சீனாவுக்கான ஏற்றுமதி மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனது. மாட்டின் வயது முப்பது மாதத்தைத் தாண்டியதா, மூளையும் தண்டுவடமும் அகற்றப்பட்டனவா என்று இறக்குமதி நாடுகள் இன்றும் துருவிக் கேட்பது இந்தக் கதையால்தான்.

நம் பட்டிக்கு இதிலிருந்து வரும் விதி எளியது. கோழித் தீவனம், பன்றித் தீவனம், நாய் பூனைக்கான உருண்டைத் தீவனம் ஆகியவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மாட்டுக்குப் போடாதீர்கள். அவற்றில் எலும்பு, இறைச்சித் தூள் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. வீட்டில் கோழியும் இருந்தால், கோழித் தீவனத்தை அள்ளிய அகப்பையை மாட்டுத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். கோழி எருவைத் தீவனத்தோடு கலந்து கொடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. எருவில் சிந்திய கோழித் தீவனமும் சில சமயம் செத்த கோழியின் மிச்சமும் இருக்கும். அதனால் மாட்டின் கைகால் முடங்கிச் சாகும் பொட்டுலிசம் வரும். உணவகக் கழிவுக்கும் இதே தடை. 2001-இல் பிரிட்டனை உலுக்கி, 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் காவு வாங்கிய கோமாரி நோய், சரியாகக் கொதிக்கவைக்காத உணவுக் கழிவு தின்ற பன்றிகளிடம் தொடங்கியதாகவே விசாரணைகள் முடிவுக்கு வந்தன.

இறைச்சி கலக்காத சைவச் சாப்பாடு என்றால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றையும், கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பாயசத்தையும் அண்டாவோடு கொண்டுவந்து "கோமாதாவுக்கு" என்று கொட்டிவிட்டுப் போகிறவர்களின் மனம் நல்லதுதான். மாட்டின் வயிறுதான் அதைத் தாங்காது. வெந்த சோறு முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நிற்கும், வயிறு உப்பும், சாணம் தண்ணீராகப் போகும், மாடு படுத்தால் எழாது. மாட்டுப் பொங்கலன்று ஆளுக்கு ஒரு கவளமாக ஊட்டிய பொங்கலால் இரவில் மருத்துவரைத் தேடி ஓடிய பட்டிகளை நான் அறிவேன். தருமம் செய்ய விரும்புகிறவரிடம், வாயில்லா ஜீவனுக்கு ஒரு கட்டுப் புல் வாங்கித் தரும்படி கூச்சப்படாமல் கேளுங்கள்.

தோட்டத்தில் மேயவிடுபவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது என்றாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. எந்த வரிசையில் என்றைக்கு மருந்தடித்தார்கள் என்பதைத் தோட்டத்துக் கங்காணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மாட்டை அவிழ்த்துவிடுங்கள்.

புது மாடும் பழைய நோய்களும்

வாங்கி வந்த மாட்டை அன்றே மற்ற மாடுகளோடு கட்டுவதுதான் நம்மவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு என்பேன். கோமாரி நோயின் கிருமி உடலுக்குள் போய் வெளியே தெரிய இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகும். தோல்கழலை நோய்க்கு உலக விலங்கு சுகாதார அமைப்பு 28 நாளைக் கணக்கில் கொள்கிறது. ஆகவே நான்கு வாரம் தனியிடம், தனி வாளி, தனிக் கயிறு. புது மாட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் கவனியுங்கள். அங்கிருந்து திரும்பிவந்து பழைய மாட்டைத் தொடாதீர்கள். வாங்கும்போதே காதுவில்லை எண்ணையும், கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் மாட்டைக் கொண்டுவரக் கால்நடைச் சேவைத் துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் நள்ளிரவில் வந்து இறங்கும் மாடு ஏன் விலை குறைவு என்று சற்று யோசியுங்கள்.

கோமாரியைக் கண்ணுக்கு முன் காதே கண்டுபிடித்துவிடும். விடிகாலையில் கொட்டகைக்குள் நுழையும்போது, நாக்கைச் சப்புக்கொட்டும் ஓசை விட்டுவிட்டுக் கேட்கும். விளக்கைப் போட்டால் வாயிலிருந்து எச்சில் கயிறு போல் தரை வரை தொங்கும்; மாடு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி உதறும். நாக்கைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் கையுறை போல் கழன்று வரும். குளம்பின் பிளவிலும் மடிக் காம்பிலும் கொப்புளங்கள் இருக்கும். காய்ச்சல் 40 பாகையைத் தாண்டும். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இளங்கன்று இதயம் தாக்கப்பட்டு, எந்த அறிகுறியும் காட்டாமல் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிடும். குழந்தைப் பள்ளிகளில் பரவும் கை, கால், வாய்ப்புண் நோயும் இதுவும் ஒன்றென்று அஞ்சித் தாய்மார்கள் பால் வாங்குவதை நிறுத்துவதுண்டு. இரண்டும் வெவ்வேறு நச்சுயிரிகளால் வருபவை. மாட்டிடமிருந்து குழந்தைக்கு அந்த நோய் தொற்றுவதில்லை.

ஐயம் வந்த அந்த நிமிடமே செய்ய வேண்டியவை சில உண்டு. பட்டியிலிருந்து மாடோ பாலோ சாணமோ வெளியே போகக் கூடாது. மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் கீழ் தெரிவிக்கப்பட வேண்டிய நோய் இது. நூறு லிட்டர் தண்ணீரில் நாலு கிலோ சலவைச் சோடாவைக் கரைத்து வாசலில் வைத்து, உள்ளே போகிறவரும் வருகிறவரும் காலணியை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு அதில் நனைக்கச் செய்யுங்கள். சாணம் ஒட்டிய காலணியில் எந்த மருந்தும் இறங்காது. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவும் நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புண்ணுக்கு அது இதம் தரும், தின்ன முடியாத மாட்டுக்குக் கொஞ்சம் தெம்பும் தரும். நச்சுயிரியை அது கொல்லாது, அடுத்த பட்டிக்குப் பரவுவதையும் தடுக்காது. தடுப்பது தடுப்பூசிதான்: முதல் ஊசி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வலுவூட்டும் ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

நோய் கண்டதும் சிலர் முதலில் அழைப்பது அலுவலகத்தை அல்ல, வியாபாரியை. பாதி விலைக்காவது தள்ளிவிடலாமே என்ற பதற்றம் புரிகிறது. மாடுதான் வீட்டின் சேமிப்பு. ஆனால் அந்த ஒரு மாடு ஏறிய லோரி அன்றே இன்னும் மூன்று பட்டிகளில் நிற்கும், மூன்று வாரம் கழித்து நோய் சுற்றிக்கொண்டு நம் தெருவுக்கே வரும். தேறிவிட்ட மாடுகளில் சில, மூன்று ஆண்டு வரைகூடத் தொண்டையில் அந்த நச்சுயிரியைச் சுமந்திருக்கக்கூடும்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்டை அடைப்பான் மழைக்காலத்து நோய். தாடையும் தொண்டையும் வீங்கி, மூச்சு கரகரக்கும். பல சமயம் ஒரே நாளில் மாடு செத்துவிடும், எருமை இன்னும் வேகமாகச் சாகும். மழைக்கு முன் ஆண்டுதோறும் ஊசி போடுவதைத் தவிர வேறு வழியில்லை. தோல்கழலை நோய் 2021-இல்தான் மலேசியாவுக்குள் முதன்முதலாக வந்தது. உடம்பெங்கும் எலுமிச்சை அளவுக் கட்டிகள் எழும்; கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியாகப் பரவும். சாணக் குழியை மூடிவைப்பதும், மாலையில் புகைமூட்டம் போடுவதும், துறை தரும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதும் செய்ய வேண்டியவை. இதே நோயின் ஐயத்தால் 2023-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிர் மாடு இறக்குமதியை மலேசியா சில வாரங்கள் நிறுத்திவைத்தது.

சந்தை எதைக் கேட்கிறது

பேரங்காடியின் உறைபெட்டியில் கிடக்கும் இந்திய இறைச்சியை உற்றுப் பாருங்கள்; எல்லாம் எலும்பு நீக்கிய துண்டுகளாகவே இருக்கும். அது எருமை இறைச்சி. பசு இறைச்சி ஏற்றுமதியை இந்தியா அனுமதிப்பதில்லை. எலும்பை ஏன் நீக்குகிறார்கள் என்பதற்குக் கோமாரியே விடை. அறுத்த உடலை ஒரு நாளுக்குக் குறையாமல் பதமாகக் குளிரில் தொங்கவிட்டால் தசையில் இயல்பாக அமிலம் ஊறி, அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 6.0-க்குக் கீழே இறங்கும். அந்த அமிலத்தில் நச்சுயிரி அழியும். எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் அமிலம் ஊறாது, ஆகவே இரண்டையும் நீக்கிய பிறகே ஏற்றுமதி. நோய் இருக்கும் நாடும் விற்கலாம், ஆனால் இத்தனை நிபந்தனையோடு. நோயில்லாத நாட்டுக்கு அந்தச் சுமை இல்லை, விலையும் கூடுதல். 1990-இல் நோயற்ற நாடாக ஏற்கப்பட்ட இந்தோனேசியாவுக்குள் 2022-இல் கோமாரி மீண்டும் நுழைந்தபோது ஆஸ்திரேலியப் பண்ணையாளர்கள் நடுங்கியது இதனால்தான். நம் நாட்டிலேயே சபாவும் சரவாக்கும் தடுப்பூசி இல்லாமலே நோயற்ற பகுதிகளாக அங்கீகாரம் பெற்றவை. தீபகற்பத்தில் இருக்கும் நமக்கு அந்தப் பெயர் இல்லை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளை எழுதும் கோடு போட்ட புத்தகமே போதும். மாட்டுக்கு ஒரு பக்கம்: காதுவில்லை எண், வாங்கிய நாள், ஊசி போட்ட நாள், கொடுத்த மருந்து. கடைசிப் பக்கங்களில் தீவனம்: யாரிடம், எத்தனை மூட்டை, எந்த நாள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடியைத் தேதியோடு புட்டியில் இரண்டு மாதம் காத்துவைப்பது இன்னும் நல்லது. தீவனத்தால் சிக்கல் வந்தால் விற்றவரிடம் காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தீவனச் சட்டம் விற்பவரைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் எந்த நாள் எந்தச் சரக்கு என்று சொல்ல முடியாதவரின் புகார் எங்கும் நிற்காது.

மருந்துக் கணக்கில் ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். மடிநோய்க்குக் காம்பில் மருந்து ஏற்றினால், பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது, மாட்டை எத்தனை நாள் அறுப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். அந்த நாள்களை எண்ணிச் சுவரில் எழுதுங்கள். தைப்பூச வாரத்தில் பாலுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்கும்போது அந்தப் பாலைக் கீழே ஊற்ற மனம் வராது. முருகனுக்குத்தானே போகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அபிஷேகம் முடிந்த பாலைப் பிள்ளைகள் கையேந்திக் குடிப்பதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வியாபாரிகள் பட்டி பட்டியாக வருவார்கள். ஆண்டிலேயே மாடுகள் மிக அதிகமாக இடம் மாறும் காலம் அது. நோயும் அதே லோரியில் ஏறிப் பயணம் போகும். விலை பேசுவதை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். லோரியைக் கொட்டகை வரை விடாமல் சாலையோரத்தில் நிறுத்தச் சொல்லி, விற்கும் மாட்டை நீங்களே ஓட்டிச் சென்று ஏற்றுங்கள். வியாபாரியின் கயிறும் கோலும் உங்கள் பட்டிக்குள் வர வேண்டாம்; வந்த ஆள் கொட்டகையைச் சுற்றிப் பார்க்கக் கேட்டால், சலவைச் சோடாத் தொட்டியைக் காட்டுங்கள். ஏற்றிவிட்ட மாடு எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வந்தாலும் அது இனிப் புது மாடு, அதற்கும் நான்கு வாரம் தனிக் கட்டுத்தறிதான். லோரி கிளம்புவதற்குள் அதன் எண்ணையும், ஏறிய மாட்டின் காதுவில்லை எண்ணையும், தேதியையும் அந்த நோட்டுப் புத்தகத்தில் குறித்துவிட்டு, அதன் பிறகு பணத்தை எண்ணுங்கள்.